ரேடியல் டயரில் ஒற்றை ஓட்டம்

தருவைக்குளத்து ஓடுதளத்தில் காலை வேலை வழக்கம்போல் தொடங்கியது. முத்துக்குட்டி தளத்தில் படிந்த உப்புத்தூளைக் கூட்டினான். அவன் அண்ணி செண்பகவல்லி வண்டிக்கு அடியில் படுத்து, பின் ஷாக் அப்சார்பரின் திருகைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

சாலைகளெல்லாம், வண்டிகளைத் தானே ஓட்டும் வழிமதி என்ற இயந்திர மூளையின் கைக்குப் போய் ஒரு தலைமுறை ஆகிவிட்டது. மனிதர் ஸ்டீயரிங் பிடிக்கலாம் என்று சட்டம் விட்டுவைத்தது இந்தக் கால் மைலை மட்டும்தான். அதுவும் நாற்பது வயதில், ஆயுளுக்கு ஒரே ஒரு முறை. செண்பகவல்லி தன் ஓட்டத்தை எப்போதோ முடித்துவிட்டாள். முத்துக்குட்டிக்கு இன்னும் வயது வரவில்லை. அதனால் வண்டியில் எதை மாற்றினாலும் ஓட்டிச் சோதிக்க ஆளில்லை.

மென்ரப்பர் டயருக்குத் தடை வந்து, இந்த வாரம்தான் விறைப்பான ரேடியல் டயர் மாட்டினார்கள். நேற்று ஓட்டிய இரண்டு பேருக்கும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, வண்டி தளத்தை விட்டு விலகியது. உடனே வழிமதி தானே வண்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டது. அவர்கள் ஆயுளின் ஓட்டம் அவ்வளவுதான். அதில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். செண்பகவல்லிக்கு இரவெல்லாம் அவர் நினைப்புதான்.

"கிளம்பும்போது பின்பக்கம் டயரை இன்னும் ஓங்கித் தரையில அடிக்கிற மாதிரி வைங்க மதினி. பழைய டயருக்கு அப்படித்தானே வச்சோம்?" என்றான் முத்துக்குட்டி.

"பழைய டயர் மடிஞ்சு அடியை வாங்கிக்கும். வழுக்கினாலும் மறுபடி பிடிக்கும். இது வழுக்கிட்டா பிடிக்காது. நேத்து பார்த்தியா, கிளம்பினதும் பின்பக்கம் துள்ளி எழுந்துச்சு. அப்புறம் டயர்மேல பாரம் எங்க நிக்கும்?"

துள்ளலை அடக்க, பின் ஷாக் சட்டென்று விரியாதபடி இறுக்கினாள். பின் அச்சின் இணைப்புக் கம்பியை ஒரு துளை கீழே மாற்றினாள். முன்பக்கம் அளவுக்கு மேல் தூக்காதபடி பட்டை கட்டினாள். கிளம்பும்போது மின்சாரம் மெல்ல ஏறும்படி வைத்தாள்.

அன்றைய முதல் ஆள் அமலோற்பவம், அரசு மருத்துவமனை நர்ஸ். செண்பகவல்லி எதையும் மறைக்கவில்லை.

"நேத்து ரெண்டு பேருக்கு வழுக்கிடுச்சும்மா. இன்னிக்கு மாத்தியிருக்கேன். ஆனா ஓட்டிப் பார்க்க வழியில்லை. வேணும்னா அடுத்த மாசம் வாங்க."

"அடுத்த மாசம் மட்டும் யார் ஓட்டிப் பார்த்திருப்பா?"

"உங்களை மாதிரி யாராவது."

அமலோற்பவம் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பிறகு, "அந்த யாராவது நானாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

பச்சை விளக்கு விழுந்தது. துள்ளல் இல்லை, புகை இல்லை. பின்பக்கம் தரையோடு அழுந்தி நிற்க, யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் வண்டி சீறிப் போனது. பாதி தூரத்தில் கடல்காற்று அடித்து வண்டி லேசாக இடப்பக்கம் ஒதுங்கியது. வண்டி நேரானது, எல்லைக்கோட்டைத் தாண்டியது.

இருவரும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தார்கள். அமலோற்பவத்தின் முகம் முழுக்கச் சிரிப்பு. எவ்வளவு வேகம் என்று அவள் கேட்கவே இல்லை.

"நடுவுல இடதுபக்கம் இழுத்துச்சு, பார்த்தீங்களா?"

"பார்த்தோம்மா."

"நான்தான் திருப்பினேன்" என்றாள். பிறகு முத்துக்குட்டியைப் பார்த்து, அவனுக்குக் கேட்டிருக்காதோ என்பதுபோல், மறுபடி சொன்னாள்: "நான்தான் திருப்பினேன்."