த.பு. தேவையில்லை

லஸ் முனையில் மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது.

குடையை வீட்டிலேயே மறந்துவிட்ட தங்கபுஷ்பம் சுற்றுமுற்றும் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் ஒரு செய்தித்தாள் அநாதையாகக் கிடந்தது. யாருடையதாக இருந்தால் என்ன... எடுத்தாள், விரித்தாள், தலைக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க... ஏங்க! அது என்னோட பேப்பர்!"

திரும்பினாள். கையில் டீ கிளாஸுடன் ஓர் இளைஞன். மூக்குக் கண்ணாடியில் மழைத்துளிகள்... அதற்குப் பின்னால் பெரிய, பதறிப்போன கண்கள். இவ்வளவு அழகான கண்களை வைத்துக்கொண்டு ஒரு பேப்பருக்கா இப்படி அலறுவார்கள்!

"இந்தாங்க. படிச்ச பேப்பர்தானே?"

"படிச்சாச்சுங்க. ஆனா ஓரத்துல விலாசம் எழுதி வெச்சிருந்தேன். இன்னிக்கு வேலைக்குச் சேரணும்... அந்த இடத்தோட விலாசம்."

இருவரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தார்கள். நீல மை கரைந்து ஓடியிருந்தது. 'தி.நகர்' என்பது மட்டும்தான் மிச்சம்.

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வாய் வேறு விதமாகப் பேசியது.

"விலாசத்தைப் போய் யாராவது பேப்பர் ஓரத்துல எழுதுவாங்களா? ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கலையா உங்களுக்கு?"

"ஓரம் சும்மாத்தானே இருக்கு... அதுக்காக ஒரு துண்டை வீணாக்கணுமா?"

பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தாள். நனைந்த பேப்பரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவன் அப்படியே நின்றிருந்தான். சிரிப்பு வந்தது... கூடவே என்னவோ மாதிரியும் இருந்தது.

உஸ்மான் ரோட்டில் ஒரு பெரிய ஜவுளிக் கடை. அதன் மாடியில்தான் ஏழு கிளைகளுக்கும் சேர்த்துத் தலைமை ஆபீஸ். முதலாளி சுயம்புலிங்கத்தை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். கடிதம் எல்லாம் தமிழில்தான் போக வேண்டும் என்பது அவர் பிடிவாதம். அதனால் தங்கபுஷ்பத்துக்குத் தமிழ் டைப்ரைட்டரும் கிடைத்தது, பைல் அலமாரிகளின் சாவியும் கிடைத்தது. அடம்பிடித்து வாங்கிய வேலை அது. 'போதும்மா, வீட்டில இரு... ஊர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்துடலாம்' என்று சொல்ல அப்பா சமயம் பார்த்துக்கொண்டே இருந்தார். வேலை போனால் அந்தப் பேச்சு மறுநாளே ஆரம்பித்துவிடும்.

பதினொரு மணிக்கு அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டார். அவர் பக்கத்தில்... கடவுளே! அதே கண்ணாடி. அதே கண்கள்.

"ஊரெல்லாம் பேப்பருக்குத் தட்டுப்பாடா கெடக்கு. ஒரு ரீமுக்கு நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருக்கு. நம்ம ஆபீஸ்ல பேப்பரைப் பாதியாக் குறைக்கணும்னுதான் இவரை வரச் சொன்னேன். பேரு மாணிக்கவாசகம். மொத நாளே ஒரு மணி நேரம் லேட்டு! கேட்டா, மழையில விலாசம் அழிஞ்சுபோச்சுங்காரு."

யார் அழித்தது என்று அவன் சொல்லியிருக்கவில்லை. ஓரக்கண்ணால் ஒருமுறை அவளைப் பார்த்தான், அவ்வளவுதான். நல்ல மனுஷன் என்று தங்கபுஷ்பம் முடிவு செய்தாள்.

அந்த நல்ல எண்ணம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும்தான் தாங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்தால் சுவரில் ஒரு கரும்பலகை. அதில் சாக்கட்டியால் அவன் சட்டங்கள். ஒருபக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தையும் பயன்படுத்திவிட்டுத்தான் எறிய வேண்டும். வாயால் சொல்லக்கூடியதைக் காகிதத்தில் எழுதக் கூடாது. ஆள் பெயர், பொருள் பெயர் எதுவாக இருந்தாலும் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. கீழே எல்லோருடைய பெயரும் இரண்டிரண்டு எழுத்தாக... அவள் பெயர் 'த.பு.' என்று இருந்தது.

தங்கபுஷ்பம் என்று ஏன் வைத்தாய் என்று அம்மாவுடன் அவள் போடாத சண்டை இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருக்காகப் பட்ட கேலி கொஞ்சமா! ஆனால் யாரோ ஒருவன் வந்து அதை நறுக்கிப்போட்டதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன சார், என் பேரை இப்படி நறுக்கிட்டீங்க?"

"என் பேரையும்தான் நறுக்கியிருக்கேன், பாருங்க. மா.வா."

"மாவா? அரைச்சு எவ்வளவு நாளாச்சு... புளிச்சிருக்குமே!"

ஆபீஸே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரிக்கும்போது இன்னும் நன்றாக இருக்கிறானே பாவி என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

முன்பெல்லாம் ஒரு பைல் வேண்டுமென்றால் சீட்டு எழுத வேண்டும். பியூன் வெள்ளைத்துரை தன் கனத்த தபால் புத்தகத்தில் அதைப் பதிந்து, மேஜை மேஜையாகப் போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுப்பான். இப்போது சீட்டு நின்றுபோனது; கடிதங்களுக்கு மட்டும் புத்தகம் சுற்றியது. சட்டம் போட்டவனே எழுந்து அவள் மேஜைக்கு வர வேண்டியதாயிற்று. முதல் வாரம் நாளைக்கு இரண்டு தடவை. அடுத்த வாரம் ஆறு. அதற்கப்புறம் அவள் எண்ணவில்லை... எண்ணவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

"மதுரைக் கிளை பைல் வேணும்."

"காலையிலதானே சார் பார்த்தீங்க?"

"மறந்துட்டேன்."

"ஒரு துண்டுக் காகிதத்துல குறிச்சு வெச்சுக்கலாமே?"

"அது சட்டவிரோதம்" என்பான், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

வெள்ளைத்துரை ஒருநாள் டீ வைக்கும்போது மெதுவாகச் சொன்னான். "இன்னாம்மா இது... சாரு உன் டேபிளுக்கு நடந்து நடந்து செருப்பே தேஞ்சு பூட்டுது!"

"போய் வேலையைப் பாருங்க, அண்ணே." காது மடல்கள் சுட்டன.

வீட்டிலும் மாற்றம் வந்தது. மயிலாப்பூரில் அவர்கள் குடியிருந்த போர்ஷனின் சமையலறையில் ஒரு சிலேட்டு தொங்கியது. மளிகைச் சாமான் இனி அதில்தான். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளெல்லாம் பின்பக்கம் எழுதுவதற்காக அடுக்கி வைக்கப்பட்டது.

"யாருடி உனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கறது?" என்றாள் அம்மா இசக்கியம்மாள்.

"ஆபீஸ்ல... ஒரு சட்டம்மா."

"சட்டத்துக்கா மொகம் இப்படிச் செவக்குது?"

அந்தக் கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை மாணிக்கவாசகம் தன் அறிக்கையை டைப் அடிக்கக் கொடுத்தான். எப்போதும் நின்று பேசுகிறவன் அன்று நிற்கவில்லை. முகத்தையும் பார்க்கவில்லை. "இன்னிக்கே அண்ணாச்சிகிட்ட குடுக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

தட்டத் தொடங்கினாள். நான்காவது பத்தியில் விரல்கள் நின்றன.

'த.பு. இனித் தேவையில்லை. இதனால் வேலை தாமதம்தான் ஆகிறது. காகிதத்தையும் தின்கிறது. மாத முடிவோடு நிறுத்திவிடலாம்.'

மறுபடி படித்தாள். எழுத்துகள் நீரில் மிதந்தன.

இதற்குத்தானா அத்தனை தடவை வந்து நின்றான்? எவ்வளவு நேரத்தில் பைல் எடுக்கிறாள் என்று கணக்குப் பார்க்கவா? நானோ ஒரு பைத்தியம்... வாசல் பக்கம் நிழல் தட்டினால்கூடத் தலையை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேனே! அவர்களாக அனுப்பும் வரைக்கும் காத்திருப்பதா? மாட்டேன்.

ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அறிக்கையை முடித்தாள். பிறகு ஒருபக்கம் எழுதிய பழைய தாள் ஒன்றை எடுத்தாள். கோபத்திலும் புதுத் தாளைத் தொட மனம் வரவில்லை! மறுபக்கத்தில் ராஜினாமாவை எழுதி, இரண்டையும் அவன் மேஜையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

பனகல் பார்க் பஸ் ஸ்டாப்புக்கு வருவதற்குள் தூறல் பிடித்துக்கொண்டது. இன்றும் குடை இல்லை. நல்லதுதான்... கன்னத்தில் வழிவது மழையென்று நினைத்துக்கொள்வார்கள்.

திடீரென்று தலைமேல் விழுந்த தூறல் நின்றது. நிமிர்ந்தாள். பெரிய நோட்டு ஒன்றை அவள் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, மாணிக்கவாசகம் நின்றிருந்தான். இன்னொரு கையில் அவளுடைய ராஜினாமா.

"இது... என்னங்க இது?"

"படிக்கத் தெரியும்ல?"

"வாயால சொல்லக்கூடியதைக் காகிதத்துல எழுதக் கூடாதுன்னு..."

"வாயால சொன்னா அழுதுடுவேன். அதான் எழுதினேன்!" குரல் உடைந்தேவிட்டது. "நீங்க மட்டும் எழுதலாமா? த.பு. தேவையில்லை... த.பு. காகிதத்தைத் தின்னுதுன்னு! போஸ்டர் தின்ன நான் என்ன கழுதையா?"

அவன் விழித்தான். அழகான அந்தக் கண்கள் இன்னும் பெரிதாயின. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டான். அவள் தலைக்கு மேலிருந்த நோட்டை இறக்கி அட்டையைக் காட்டினான்.

"த.பு. இதுங்க."

வெள்ளைத்துரையின் கோணல் எழுத்தில், கொட்டை கொட்டையாக, 'தபால் புத்தகம்' என்று எழுதியிருந்தது.

அவளுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொண்டால் தேவலை என்றிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா... இரண்டும் சேர்ந்தே வந்தது.

"அப்போ... என்னைப் பத்தி அறிக்கையில?"

"ஒரு வரிகூட எழுதலை."

"அவ்வளவு வேலை செய்யறேன். ஒரு வரி எழுதியிருக்கலாமே!"

"எழுத வந்துச்சு. ஆனா..." அவன் நோட்டை மறுபடி அவள் தலைக்கு மேல் உயர்த்தினான். "அது வாயால சொல்ல வேண்டிய விஷயமாச்சே. காலையில அறிக்கையைக் குடுக்கும்போதே சொல்லிடணும்னு வந்தேன். தைரியம் வரலை."

மயிலாப்பூர் பஸ் வந்து நின்றது. அவள் ஏறவில்லை. கண்டக்டர் விசிலடித்துக்கொண்டு போய்விட்டார்.

"சொல்லுங்க" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"தங்கபுஷ்பம்..."

ஐயோ, இந்தப் பெயரா இவ்வளவு நீளம்! ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றைக்கூட விட்டுவிடாமல் அவன் சொன்ன விதத்தில், அம்மாவுடன் போட்ட சண்டைகளுக்கெல்லாம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

"லஸ் முனையில என் விலாசத்தை அழிச்சீங்களே... அன்னியிலேர்ந்து எங்கே சுத்தினாலும் உங்க மேஜைக்குத்தான் வந்து நிக்கறேன். எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. மாத முடிவோட இல்லை... எப்பவும் நிறுத்த முடியாது."

மழை வலுத்தது. தபால் புத்தகத்துக்குக் கீழே இருவருக்கும் இடம் போதவில்லை. இரண்டு பேரும் பாதி பாதி நனைந்தார்கள்.

"எனக்கும்..." என்றாள்.

"ஒரே வார்த்தையா?"

"சிக்கனம்!" என்றாள். பிறகு மெல்ல நிமிர்ந்து அவன் கண்களை நேராகப் பார்த்தாள். "எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. பிடிச்சதாலதான் அந்த நாலு வரி அப்படி வலிச்சுது. போதுமா?"

அவன் ராஜினாமாவை நான்காகக் கிழித்தான். கீழே போட மனமில்லாமல் துண்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை உங்க அப்பாவைப் பார்க்க வரட்டுமா?"

"வாங்க. ஆனா அப்பாவுக்கு ஊர் முழுக்கச் சொந்தம். கல்யாணப் பத்திரிகையே ஆயிரம் அடிக்கணும்பாரு. உங்க சட்டம் என்ன ஆறது?"

மாணிக்கவாசகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

"ஆயிரமே அடிக்கலாம். ரெண்டு பேரோட பேரையும் முழுசாப் போட்டு."