ஐந்தரைக் கட்டை

ஐப்பசி மழை உக்கடத்தையே கரைத்துக்கொண்டிருந்தது. டிரைவர் நசுருதீன் ஹார்மோனியப் பெட்டியைத் தூக்கி வந்து பாலுசாமியின் மீட்டர் ரிப்பேர் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே காரை விட்டு இறங்கி வந்தாள் வரலட்சுமி... புடவைத் தலைப்பில் ஈரம், கண்ணில் கோபம்.

“ஏனுங்க, போன மாசம் நீங்கதானே இதுக்கு ரீடு மாத்துனீங்க? மேல் சட்ஜம் என் குரலோட சேரவே மாட்டேங்குது.”

பாலுசாமி மோட்டார் கம்பெனிகளுக்கு மீட்டர் பழுது பார்ப்பவன். ஹார்மோனியமும் பார்ப்பான். துருத்தியை அசைத்து ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் கேட்டான்.

“பெட்டி நல்லா இருக்குதுங்க, அம்மணி.”

“அப்ப என் தொண்டைதான் கெட்டுப்போச்சுங்கறீங்களா?”

அவன் துருத்தியை மூடிவைத்தான். அந்தப் பெரிய கண்களில் நீர் முட்டியதும் பயந்துபோனான்.

போன வருஷம் டைபாய்டில் படுத்து எழுந்ததிலிருந்து அவளுக்கு மேல் ஸ்தாயி எட்டவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பஞ்சு மில் முதலாளி சென்னகிருஷ்ண நாயுடுவின் செல்ல மகளிடம் அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? எல்லோருமாகச் சேர்ந்து பழியைப் பெட்டியின் தலையில் போட்டிருந்தார்கள்.

முள் வளைந்த மீட்டர் ஒன்றை அவள் முன்னால் நகர்த்தினான் பாலுசாமி.

“இது அஞ்சு ஆம்பியர் வரைக்கும் அளக்கறதுங்க. பெரிய மோட்டார்ல மாட்டிப்போட்டாங்க. முள்ளு கடைசியில போய் மோதி வளைஞ்சுபோச்சு. மீட்டர் மேல தப்பில்லீங்க... இதோட ரேஞ்சு அவ்வளவுதான். நீங்களும் சுருதியைக் கொஞ்சம் இறக்கி, அஞ்சரைக் கட்டையை விட்டுப்போட்டு நாலுல பாடிப் பாருங்க.”

“சின்ன வயசுல இருந்து எனக்கு அஞ்சரைதானுங்க.”

வீம்பாகத்தான் சொன்னாள். ஆனால் அவன் நாலாம் கட்டையைப் பிடித்ததும் தன்னை மீறிப் பாடினாள். மேல் சட்ஜம் சிரமமில்லாமல் வந்து நின்றது... ஒரு வருஷம் கழித்துத் தன் குரலைக் கேட்டவள், அங்கேயே நின்று அழுதாள்.

அதன்பின் மூன்று முறை வந்தாள். துருத்தியில் காற்றுப் போகிறது, கட்டை ஒட்டுகிறது... சாக்குகளைக் கேட்டு நசுருதீனுக்கே சிரிப்பு வந்தது. பாலுசாமியின் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் முறை சொன்னாள். “வெள்ளிக்கிழமை என்னைப் பொண்ணு பார்க்க வாராங்க. பாட்டு நல்லா இருந்தாத்தான் சம்மதமாம்.”

“நாலுல பாடுங்க. அவங்களுக்குப் புடிச்சுப்போகும்.” தலை நிமிரவில்லை அவன்.

“வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்களா?”

மேசையில் கிடந்த பெரிய மீட்டரோடு சேர்த்து ஒரு சின்ன பல்பை எரியவிட்டான். முள் அசையவே இல்லை.

“இது நூறு ஆம்பியர் மீட்டருங்க. சின்னக் கரண்டு இதுல தெரியாது. அதுக்காக கரண்டே இல்லைன்னு...”

முடிக்காமல் பல்பை அணைத்துவிட்டான். அவன் சொல்லாமல் விட்டது அவளுக்குப் புரிந்தது. சாதி வேறு, அந்தஸ்து வேறு... பாவம், அவன் எப்படி வாய் திறப்பான்?

வெள்ளிக்கிழமை கூடம் நிறைய மாப்பிள்ளை வீட்டார். நாலாம் கட்டைக்குப் போன அவள் விரல் ஒரு கணம் நின்றது. பிறகு மேலே நகர்ந்து ஐந்தரையை அழுத்தியது. மேல் சட்ஜத்தில் அவள் குரல் கிழிந்தது. வந்தவர்கள் மரியாதையாகக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அப்பா அவள் முகத்தைப் பார்க்காமலே மாடியேறிவிட்டார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாளும் மழை. பெட்டி இல்லாமல், நனைந்தபடி நடந்தே வந்தாள். நசுருதீன் மூலம் செய்தி அவனுக்கு முன்பே எட்டியிருந்தது.

“நாலுல பாடச் சொன்னேனுங்களே...”

“நாலுல பாடியிருந்தா அவங்களுக்குப் புடிச்சுப்போயிருக்குமுங்க.”

அவன் கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது.

“என்ன காரியம் செஞ்சுபோட்டீங்க, அம்மணி? குரல் போன பொண்ணுன்னு ஊரே பேசுமே. இனி யாரு வருவாங்க?”

“நீங்க வரமாட்டீங்களா?”

பாலுசாமி குனிந்து திருப்புளியை எடுத்து மேசையில் வைத்தான்.

“முதல் நாள் நீங்க அழுதப்பவே எனக்கு ஆசை வந்துபோச்சுங்க,” என்றான், தரையைப் பார்த்தபடி. “ஆனா உங்க அப்பா சம்மதிக்க மாட்டாருங்க.”

“தெரியும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “முதல்ல அவர் முன்னாடி நாலுல பாடணும். அப்புறம், நேத்து ஏன் அப்படிப் பாடலைன்னு சொல்லணும்...”

பாலுசாமி வெளியே வந்து கடையைப் பூட்டினான்.

“அதைச் சொல்றப்ப நானும் கூட வாரேனுங்க.”