வெள்ளையாக விடப்பட்ட கட்டம்

தர்மபுரி மாவட்டத்துப் பொதுமக்களுக்கு இதனால் அறிவிப்பது யாதெனில்: காதல் வரலாற்றைத் திசைதிருப்பப்போகும் அந்த மகத்தான சந்திப்பு, செவ்வாய்க்கிழமை காலை, மாரண்டஹள்ளி டவுன் பஸ்ஸில், ஒரு காலித் தக்காளிக் கிரேடால் நிகழ்ந்தது.

"ஏங்க! எம்பொட்டி மேல வெக்காதீங்க!"

அந்தோணி பிரகாஷ் திரும்பினான். கண்கள்... மழைக்கு முந்தைய வானம்போல இருண்டு, இடிக்கத் தயாராக நின்ற கண்கள்...

"உள்ள ஐஸ்க்ரீமுங்களா?"

"எச்சிலுங்க."

"...யாருதுங்க?"

"பதினாறு பேருது."

வேறு எவனாக இருந்தாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கியிருப்பான். பிரகாஷ் கிரேடைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி ஊர்வரை நின்றே வந்தான்.

பதினொரு மணிக்கு அந்தக் கண்கள் அவன் வீட்டு வாசலுக்கே வந்தன. பெயர் ஜெனிஷா. வலிப்பு குடும்பத்தில் எப்படி இறங்கி வருகிறது என்று ஆராயும் பெங்களூர்க் குழுவின் ஆள். பிரகாஷின் தங்கை ஸ்டெஃபிக்கு நாலு வயதில் ஒரு மகள். மூன்று மாத்திரை மாற்றியும் குழந்தைக்கு வலிப்பு நிற்கவில்லை. கோளாறு எந்த மரபணுவில் என்று பிடிபட்டால் பொருத்தமான மருந்தைத் தேடலாம். அதற்குத் தாய்வழியில் யார் யாருக்கு வந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

அம்மா மிக்கேலம்மாள் டீ கொண்டுவந்தாள்.

"ஸ்டெஃபிக்கு குடுக்காதீங்கம்மா. அரைமணி நேரம் வாய நனைக்கக்கூடாது. அப்பறம் எச்சில் செல்லாது."

ஜெனிஷா தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் போட்டாள். வலிப்பு வந்தவர்களுக்குக் கறுப்பு.

"தாய்மாமனுக்கு... சின்ன வயசுல எதாச்சும்?"

"எங்க பரம்பரைலயே கெடையாது கண்ணு," என்றாள் மிக்கேலம்மாள், மாதா படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஸ்டெஃபியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னதும் இதே வாக்கியம்தான். "அவனுக்கு எச்சிலும் வேணாம். நல்லாத்தான இருக்கான்!"

"கைல என்னங்க தழும்பு?"

"தேங்கா ஒடைக்கயில..." என்றான் பிரகாஷ். பிடித்த பெண் முன்னால் எவன் தன்னைத்தானே கறுப்பாக்கிக்கொள்வான்?

கட்டம் வெள்ளையாகவே நின்றது. அவள் போய்விட்டாள்.

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். குடித்து முடித்த மாட்டுக்கே மறுபடியும் காட்டினான். மாடு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தது. திண்ணையில் உட்கார்ந்தான். ஸ்டெஃபியின் மகள் மடியில் ஏறி, அவன் தழும்பின்மேல் விரலால் கோடு இழுத்தாள். எழுந்து ஓடினான்.

பஸ் நிறுத்தத்தில் மழை கொட்டியது. டீக்கடைத் தார்ப்பாயின் கீழ் அவள்... அந்தக் கண்கள்... நெஞ்சில் இருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்து, "ரெண்டு டீ!" என்று வெளியேறியது. தன் கிளாஸை ஒரே மடக்கில் குடித்தான். நாக்கு வெந்தது.

"என்னங்க, கிரேடக் காணோம்?"

"தேங்கா இல்லீங்க..." உள்ளங்கையை நீட்டினான். "வலிப்பு வந்தா கைல இரும்பு குடுப்பாங்கல்ல? சாவி அகப்படாம எங்கம்மா பதட்டத்துல அருவாளக் குடுத்துட்டாங்க. எனக்கு ஒம்பது வயசு வரைக்கும் வந்துச்சுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் கண் நிறைந்துவிட்டது.

"காலைலயே சொல்றதுக்கென்ன?"

"மச்சான் வூட்ல தெரிஞ்சா ஸ்டெஃபியப் பேசுவாங்க."

"தாள்ல பேரே இருக்காது. நம்பர்தான். அது மட்டுந்தானா?"

மழை பலத்தது...

"உங்க தாள்ல நான் வெள்ளையா இருக்கணும்னு ஆசைப்பட்டுட்டேனுங்க... உங்களப் புடிச்சிருக்குது."

ஜெனிஷா பென்சிலை எடுத்தாள். அவன் கட்டத்தை மெதுவாக, ஓரம் பிசகாமல், கறுப்பாக்கினாள்.

"மறைக்கறவங்கள தெனமும் பாக்கறேன். நனைஞ்சுகிட்டு ஓடியாந்து சொன்னது நீங்க ஒருத்தருதான்... எனக்கும்..." மிச்சத்தைச் சொல்லாமல் குப்பியை நீட்டினாள்.

காதலுக்காக உயிரைக் கொடுத்தவர்கள் உண்டு. பிரகாஷ் அவள் கண்களைப் பார்த்தபடியே, கோடு தொடும்வரை துப்பிக் கொடுத்தான். அவள் அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

டீ குடித்து அரைமணி ஆகவில்லை. அந்த எச்சில் செல்லாது.