காயாத கடல்

“எங்கப்பா பேரைக் குத்தகைதாரர்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

அமிர்தம் கேட்டேவிட்டாள். நெல் கேள், கூரைக்குக் கீற்று கேள், நிலத்துக்காரர் இளையபெருமாளிடம் எழுத்து மட்டும் கேட்காதே என்று அம்மா அம்சம் சத்தியம் வாங்கியிருந்தாள். பங்குனியில் அப்பா மருதையன் இதே வீட்டில் இதையேதான் கேட்டார். திரும்பி வரும்போது வாய்க்கால் கரையில் விழுந்தார். அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே உயிரில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, எலும்பில் பழுதில்லை என்றார்கள். முப்பது வருஷம் அப்பா உழுத மூன்று மா நிலத்தைக் குத்தகைப் பதிவேட்டில் ஏற்ற இன்றுதான் கடைசி நாள்; ஐந்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் மூடிவிடும்.

இளையபெருமாள் விண்ணப்பத்தை வாங்கி, அடியில் அப்பாவுக்காக அவள் போட்டிருந்த கையெழுத்தை விரலால் தடவினார். பி.ஏ.வா என்று விசாரித்தார். அந்தத் தெருவிலேயே முதல் ஆள் என்று மெச்சிக்கொண்டார். பிறகு, “உள்ள வாம்மா, கப்பல் பாரு” என்றார்.

அவள் தெரு ஆட்களைக் கொல்லைப்புறம் தாண்டி விடாத வீடு அது.

ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்த அந்த அறையில், வெளியே வெயில் வயலைப் பிளந்துகொண்டிருந்தபோதும், ஈரச் சாக்கு மாதிரி ஒரு குளிர் காலைச் சுற்றியது. பசை நாற்றத்துக்கு அடியில் கருவாட்டு வாடையும் உப்பும் கலந்து அடித்தன. எங்கோ கரையில் தண்ணீர் மெல்ல மோதித் திரும்பும் சத்தமும் கேட்டது. கடல் முப்பது மைல் தள்ளி இருக்கிறது.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழ நீளக் கப்பல். வாலிபத்தில் அவர் வேலை பார்த்த பினாங்கு கப்பலின் சின்ன மாதிரி. அதைச் சுற்றி நீலக் கடல். கடலில் சுறா, திமிங்கலம், ஆக்டோபஸ், எல்லாம் அதிராம்பட்டினத்து அப்துல் வஹாப் கடையில் வாங்கிய சிங்கப்பூர் பிளாஸ்டிக் பொம்மைகள்.

“சுறா பெருசா இருக்கேன்னு பாக்குறியா? கப்பலத் தள்ளி வச்சு இத முன்னால வச்சா, கிட்ட வந்துடுச்சுன்னு ஆயிடும். வயித்தோட அறுத்து ஒட்டுனா, மிச்சம் தண்ணிக்குள்ள கிடக்குன்னு கண்ணு நம்பும்.”

அவள் குனிந்தாள். அலைகள் எல்லாம் ஊறவைத்த காகிதம். நீலச் சாயத்துக்கு அடியில் சுழி சுழியாகக் கைரேகை. தெருவே அவரிடம் வெற்றுத் தாளில் வைத்த கைநாட்டுகள்.

அலைகளுக்கு நடுவே நகத்தளவு ஆட்கள்.

ஒருவனுடைய வலது கை சுறாவின் வாயில். அவள் தெருப் பக்கிரிக்குப் போன வருஷம் சூம்பிப்போனதும் வலது கைதான். ஒருத்தியின் மாரைச் சுற்றி ஆக்டோபஸ். அதே தெருக் காத்தாயி மூச்சு முட்டித்தான் செத்தாள். முன்னால், தலையில் சிவப்புத் துண்டோடு ஒருவன். இடுப்பு வரைதான் இருந்தான்.

அப்பாவின் துண்டு.

சுறாவின் பல் ஈரமாக இருந்தது. அவள் பார்க்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது.

பின்னால் காகிதம் கிழிந்தது. விண்ணப்பத்தின் அடியை, அவள் கையெழுத்தோடு, அவர் நீளவாக்கில் கிழித்துப் பசையில் முக்கினார். இழுப்பறையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தார். ஒற்றைப் பின்னல். தோளில் பை. பெயின்ட் காய்ந்து பல நாள் ஆகியிருந்தது.

“இதுவரைக்கும் எல்லாம் கைநாட்டு. கையெழுத்து இதான் மொதல்.”

ஈரக் காகிதத்தில் அதை நிறுத்தினார். இன்னொரு சுறாவைத் தேர்ந்தெடுத்தார். சின்னது. வாயை இடது கணுக்காலோடு பொருத்தினார்.

“காய ஒன்றரை மணி நேரம் ஆவும். அந்தத் தாளை இங்கயே வச்சுட்டு அஞ்சு மணி வரைக்கும் உக்காரு. காயறதுக்குள்ள உன்னையும் உங்கப்பனையும் சேத்து வெளிய எடுத்துடுறேன்.”

அப்பாவை அம்மா ஒற்றை ஆளாகப் புரட்டிப் போடுவது கண்ணில் வந்தது. கூடவே அந்த மூன்று மா. கூடவே பெட்டிக்குள் கப்பலுக்குப் பின்னால் இன்னும் காலியாகக் கிடந்த நீலம். ஒரு தெரு முழுவதற்கும் போதும்.

மணி மூன்றே முக்கால். தாலுகா ஆபீஸுக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவர் எழுத்து இல்லாமலும் மனுவைக் கொடுக்கலாம்; தன் கையெழுத்து இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

கிழிந்த விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

“போனா காஞ்சிடும்” என்றார் அவர், வருத்தப்படுகிற குரலில்.

“காயட்டும்.”

கூடம். நடை. வாசல். படியில் இறங்க, இடது காலைக் குனிந்து பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. கணுக்காலில் ஒரு குழி விழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. வட்டமாக, நிதானமாக, ஒவ்வொரு பல்லாக. ரத்தம் வரவில்லை. உப்புத் தண்ணீர் கசிந்தது.

தன் வீட்டுப் பக்கம் அவள் திரும்பவில்லை. அந்தக் காலை இழுத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தாள்.