பதினாறாவது கம்பளி

கயிற்றில் பதினாறு கம்பளிகள் தொங்கின. காலையில் குழிக்குள் இறங்கியவர்கள் பதினைந்து பேர்.

வடிவம்மா மறுபடியும் எண்ணினாள். பதினாறு. கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, ஆற்றோரத்தில், ரயில் பாலத்துக்கு அஸ்திவாரம் தோண்டும் குழி அது. இறங்குகிறவன் கம்பளியைக் கயிற்றில் போட்டுவிட்டு இறங்கவேண்டும், ஏறினால் எடுத்துக்கொள்ளவேண்டும். துரை ஆளை எண்ணுவதில்லை, கம்பளியைத்தான் எண்ணுவார். கம்பளிக்கு முகம் இல்லை, அது அவருக்கு வசதி.

முதல் கம்பளி அவள் புருஷன் சின்னமுத்துவுடையது. "இத நனையவிட்டியோ, ராவைக்கு ஒன் சேலையத்தான் புடுங்கிப் போத்திக்குவேன்" என்று சிரித்துவிட்டு இறங்கியிருந்தான்.

கடைசிக் கம்பளியிலிருந்து சேறு சொட்டியது. ஓரத்தில் சிவப்பு நூல் தையல். அவளே தைத்துக்கொடுத்தது. கூட வேலை செய்த பொன்னையாவின் கம்பளி.

மலைத்தண்ணீர் குழிக்குள் விழாமல் ஆற்றுக்குப் போக, மண்ணணைக்கு அடியில் ஒரு மதகு இருந்தது. பத்து நாளுக்கு முன் அது அடைத்துக்கொண்டபோது பொன்னையாவைக் கம்பளியோடு உள்ளே அனுப்பினார்கள். மூன்று தட்டுத் தட்டினால் அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை இழுக்கவேண்டும். தட்டினான். அதற்குள் அணை சரிந்துவிட்டது. அவனைத் தோண்டி எடுத்தால் வேலை நின்றுபோகுமாம். மதகின் வாயை மண் போட்டு மூடி, பக்கத்தில் தண்ணீர் ஓட வேறு வாய்க்கால், கான், வெட்டி, பேர்ப் புத்தகத்தில் 'ஓடிப்போனவன்' என்று எழுதிக்கொண்டார்கள்.

கானைப் பார்த்துக்கொண்டிருப்பது வடிவம்மாவின் வேலை. தண்ணீர் சுண்ணாம்பு பூசிய கல்லைத் தொட்டால், தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடிக்கவேண்டும். குழி ஆட்கள் ஏறிவிடுவார்கள். போன வாரம் மண்ணுக்குள் தட்டும் சத்தம் கேட்டு அவள் அடித்துவிட்டாள். கல்லில் ஈரமே இல்லை. அன்றோடு சுத்தியல் கங்காணி ராஜலிங்கத்தின் இடுப்புக்குப் போய்விட்டது.

மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டி, எதிர்க்கரை மூங்கில்கள் மறைந்து, மழை கம்பளிக் கொட்டகையின் தகரக் கூரைமேல் சரளைக்கல் கொட்டுவதுபோல் இரைய, குழித்தண்ணீரை இறைக்கும் பம்பின் கரிப்புகையும் அழுகிய இலையின் வாடையும் ஒன்றாகக் கலந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டபோதுதான் கானைக் குனிந்து பார்த்தாள்.

கானில் தண்ணீர் இல்லை.

தெல்தோட்டைத் தோட்டத்தில் கான் வாரியவள் அவள். கொட்டுகிற மழையில் கான் காய்ந்தால், மலை தண்ணீரைக் குடிக்கிறது என்று அர்த்தம். குடித்ததை எங்காவது கக்கும்.

காலடி மண்ணுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டொக். டொக். டொக்.

ராஜலிங்கத்திடம் ஓடினாள்.

"அண்ணே, கான் காஞ்சு கெடக்கு. எல்லாரையும் ஏறச் சொல்லுங்க."

"காஞ்சா நல்லதுதானே புள்ள? வெள்ளம் வந்தாத்தானே ஏறணும்?"

"கம்பளி பதினாறு இருக்குண்ணே. வந்து எண்ணுங்க."

ராஜலிங்கம் வந்தான். விரல் நீட்டி எண்ணினான். சிவப்புத் தையலில் விரல் நின்றது. முகம் சாம்பலானது.

"ஒண்ணு என்னோடது" என்றான். அவன் கம்பளி அவன் தோளிலேயே இருந்தது.

"அந்தச் சுத்தியலக் குடுங்கண்ணே! ஒங்க காலப் புடிக்கிறேன்."

"தொரை என்னைய வெரட்டிருவாரு. போய் ஒன் வேலையப் பாரு."

ஒரு கல்லை எடுத்துத் தண்டவாளத்தில் அடித்தாள். கல் உடைந்தது. இன்னொன்று. அதுவும். பம்பின் இரைச்சலில் அவள் காதுக்கே கேட்கவில்லை.

குழியின் விளிம்பில் மண்டியிட்டுக் கத்தினாள். வெகு கீழே பதினைந்து தலைகள். ஒன்று நிமிர்ந்தது. சின்னமுத்து. காதில் கை வைத்துப் பார்த்தான். சிரித்தான். கம்பளியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருப்பான். இதோ வருகிறேன் என்று கையை ஆட்டினான்.

அணை வயிறுபோல் உப்பியது.

மூடிய மதகு வாயைத் திறந்தது.

பழுப்புத் தண்ணீர். கல். மரம். பிறகு மண், மண், மண்.

பம்பு நின்றது. மழையும் நின்றது. குழி இருந்த இடத்தில் குழி இல்லை. குமிழிகூட இல்லை.

பின்னால் ராஜலிங்கம் பேர்ப் புத்தகத்தைத் திறக்கும் சத்தம். "பதினஞ்சு பேரும் ஓடிட்டானுக" என்றான், யாரிடமோ சொல்லிப் பழகுகிறவன்போல். "கேட்டா அப்புடித்தான் சொல்லணும், புள்ள."

அவள் திரும்பினாள். சின்னமுத்துவின் கம்பளியிலிருந்து ஒரு சொட்டுச் சேறு விழுந்தது. அடுத்ததிலிருந்து ஒன்று. அதற்கடுத்ததிலிருந்து.

மண்ணுக்கடியில் டொக். டொக். டொக்.

கயிறு தொய்ந்தது. காற்றே இல்லை. பதினாறு கம்பளிகளும் மெல்லப் புடைத்து, உள்ளே ஆள் இருப்பதுபோல் தோள் வைத்து, அவளைப் பார்த்து நின்றன.