நகர்ந்து கொடுத்த இடம்

குரோம்பேட்டை ஸ்டேஷனில் நாங்கள் இறங்கியபோது மணி மூன்றரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு, ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. அரை நாள் ஆபீஸை முடித்துக்கொண்டு, மிண்ட் தெரு அறையிலிருந்து என் மனைவி ரத்தினபாயையும் அழைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் ரயிலில் வந்திருந்தேன். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம்.

அதைச் சும்மா சொல்லவில்லை. அதற்கு முன் இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தில்தான் கலைந்தது. "இந்தப் புழுக்கத்துல இருக்காதீங்க. நல்ல காத்து, நல்ல தண்ணி, படி ஏறாத வீடு. அப்படி ஒரு இடமாப் பாருங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இந்தக் குழந்தையும் போய்விட்டால் ரத்தினபாய் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

நான் எதையும் துருவித் துருவி விசாரிக்கிறவன். ஆபீஸில் 'என்கொயரி வேதசிரோமணி' என்றுதான் கேலி செய்வார்கள். ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு ஊராகப் போய் எழுதினேன். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகுமா, சர்ச் எவ்வளவு தூரம், அவசரத்துக்கு வண்டி கிடைக்குமா, அக்கம்பக்கம் எப்படி. தாம்பரத்தில் எல்லாம் இருந்தது, ரயில் சத்தமும் கூடவே இருந்தது. கீழ்க்கட்டளையில் வீடு பரவாயில்லை, பஸ்தான் தன் இஷ்டத்துக்கு வந்தது. சிட்லபாக்கத்துக்கு ஏரிக்காற்றை நினைத்தே, போவதற்கு முன்பு பாதி மார்க் போட்டுவிட்டேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டைப் பார்த்த கையோடு சரி சொல்லமாட்டோம். அந்தக் காலி வீட்டிலேயே ஒரு ஜமுக்காளத்தை விரித்து உட்கார்ந்து, பைபிளிலிருந்து ஒரு சங்கீதத்தை ஆளுக்கொரு வசனமாக மாற்றி மாற்றி வாசிப்போம். பிறகு கண்ணை மூடி ஜெபம். எழுந்திருக்கும்போது மனசு லேசாக இருந்தால் அதுதான் நமக்கான இடம். தாம்பரத்திலும் கீழ்க்கட்டளையிலும் அப்படித்தான் உட்கார்ந்து பார்த்தோம். மனசு ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வந்திருந்தது சிட்லபாக்கம் வீட்டைப் பார்க்க. அதன் சாவி எதிர்வீட்டு செல்லியம்மாளிடம் இருந்தது. அந்த ஊர்க்காரி, ஐம்பது வயசு இருக்கும். வைக்கோல் உதறிக்கொண்டிருந்தவள் ரத்தினபாயின் வெளுத்த முகத்தையும் வயிற்றையும் ஒரு தடவை பார்த்தாள்.

"வூடு நல்லா கீது சார். பாத்துகினு சட்டுனு வந்துடுங்க. உள்ள குந்தாதீங்க."

"ஏம்மா?"

"புள்ளத்தாச்சிய இட்டுகினு வந்துக்கீறியே, அதான் சொல்றேன்."

கர்ப்பிணி காலி வீட்டில் உட்காரக்கூடாது என்று ஏதோ கிராமத்து நம்பிக்கை போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை. தூசி வாசனை இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு ஒருத்தி வெகுநேரம் படுத்திருந்த தலையணையில் வருமே, அந்த வாசனை. கூடத்தில் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் இறுகிக்கொண்டு திறக்கவில்லை. வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே ஒருவர் முகம் ஒருவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. அடுக்களையில் எதுவோ சொட்டுவது போலிருந்தது. போய்ப் பார்த்தேன், தொட்டி காய்ந்து கிடந்தது.

"கூடம் குளுகுளுன்னு இருக்குங்க" என்றாள் ரத்தினபாய். அவளுக்குப் பிடித்துவிட்டது. நடுக்கூடத்தில் ஜமுக்காளத்தை அவளே விரித்தாள்.

வாசிக்க ஆரம்பித்தோம். ஒற்றைப்படை வசனங்கள் எனக்கு, இரட்டைப்படை அவளுக்கு. ஆறாம் வசனத்தை அவள் முடித்தபோது என் கண்ணில் தூசி விழுந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுவதற்குள் அவள் எட்டாம் வசனத்தை வாசிக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஏழாம் வசனத்தை விட்டுட்டியே ரத்தினம்."

"ஏழு நீங்க இப்பத்தானே வாசிச்சீங்க?"

"நான் வாயே திறக்கலையே."

அவள் என்னைக் குழப்பத்துடன் பார்த்தாள். "கரகரன்னு மெதுவா வாசிச்சீங்களே. தொண்டைல தூசின்னு நெனச்சேன்."

மசக்கை மயக்கம், வெயிலில் நடந்த களைப்பு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனாலும் சீக்கிரம் ஜெபித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று கண்ணை மூடினேன்.

பாதி ஜெபத்தில் ஜமுக்காளம் லேசாக இழுபட்டது. ரத்தினபாய் என் பக்கமாக நகர்ந்து தோளோடு ஒட்டிக்கொண்டாள். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஜெபத்தை முடித்து ஆமென் சொன்னேன்.

ஆமென் என்றாள் ரத்தினபாய்.

ஆமென்.

மூன்றாவதைக் கேட்டதும் எனக்குக் கண்ணைத் திறக்கவே தைரியம் வரவில்லை. திறந்தபோது கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

"எதுக்கு நகர்ந்தே?" என்று கிசுகிசுத்தேன்.

"அந்தம்மா வந்து உக்காந்தாங்களே. எதிர்வீட்டம்மா. அதான் இடம் விட்டேன்." சொல்லிக்கொண்டே அவள் தன் இடப்பக்கம் திரும்பினாள்.

எங்கள் ஜெபக்கூட்டங்களில் பிந்தி வருகிறவர்கள் ஓசைப்படாமல் வந்து உட்காருவார்கள். முன்பே இருப்பவர்கள் கண்ணைத் திறக்காமல் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். சின்ன வயதிலிருந்து எங்கள் உடம்புக்குப் பழகிப்போன மரியாதை அது. ரத்தினபாயும் அதைத்தான் செய்தாள்.

அவள் விட்ட இடத்தில் ஜமுக்காளம் ஒரு ஆள் அகலத்துக்கு அமுங்கியிருந்தது. நாங்கள் பார்க்கப் பார்க்கவே அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் அமுங்கியது.

ஜமுக்காளத்தை அங்கேயே போட்டுவிட்டு வெளியே ஓடினோம். செல்லியம்மாள் வைக்கோல் குவியலை விட்டு நகர்ந்திருக்கவில்லை. எங்களைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே போட்டாள்.

"குந்தினீங்களா?"

ரத்தினபாய் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பக்கத்துல வந்து குந்தும். அது யாருன்னு எங்களுக்கும் தெரியாது. இந்த வூடு கட்டாத காலத்துலயே இந்த எடத்துல எங்காளுங்க குந்தமாட்டாங்க. எயுந்து வந்துட்டா ஒண்ணும் ஆவாது." அவள் குரல் இறங்கியது. "நீ இடம் வுட்டியாம்மா?"

ரத்தினபாய் தலையாட்டினாள்.

செல்லியம்மாள் ஓரடி பின்வாங்கினாள். சாவியைக்கூட என் கையிலிருந்து வாங்காமல், தரையில் வைக்கச் சொன்னாள்.

கீழ்க்கட்டளை வீட்டையே எடுத்துக்கொண்டோம். அக்டோபரில் பியூலா பிறந்தாள். கொழுகொழுவென்று, எந்தக் குறையும் இல்லாமல். அவளைக் கையில் வாங்கிய அன்று, சிட்லபாக்கத்தில் நடந்ததெல்லாம் வெறும் பிரமை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன்.

நாற்பதாம் நாள் குடும்ப ஜெபத்தில், நாங்கள் இருவரும் வாசிக்காத ஒரு வசனம் மறுபடியும் வாசிக்கப்பட்டிருந்தது.

அன்றோடு மாற்றி மாற்றி வாசிப்பதை நிறுத்தினேன். வீட்டை மாற்றினேன். பல்லாவரம் போனோம், அங்கிருந்து சேலையூர். ஒவ்வொரு ஊரையும் நோட்டும் கையுமாக அலசித்தான் எடுத்தேன். எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வாரத்துக்குள் கூடத்தில் அந்தத் தலையணை வாசனை வந்துவிடும். தரையில் உட்கார்வதையே விட்டோம். எனக்கும் ரத்தினபாய்க்கும் இரண்டு நாற்காலி, குழந்தைக்கு ஒரு ஸ்டூல். நாலாவதாக உட்கார வீட்டில் ஒரு முக்காலிகூட வைத்துக்கொள்ளவில்லை.

பியூலாவுக்கு இப்போது நாலரை வயசு. இன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மறுபடி நோட்டை எடுத்தேன். இந்த வீடும் வேண்டாம், மேடவாக்கம் பக்கம் பார்க்கலாம் என்று ரத்தினபாயிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பியூலா வந்து நோட்டின்மேல் கையை வைத்தாள்.

"நீங்க பாக்க வேணாம்பா. அத்தை பாத்துட்டாங்க."

எனக்கு ஒரே தங்கை. நாகர்கோவிலில் இருக்கிறாள். அவளைப் பியூலா பார்த்ததே இல்லை.

"எந்த அத்தைம்மா?"

"ஜெபத்துல என் பக்கத்துல உக்காருவாங்கல்ல? ஸ்டூல்ல பாதி நான் விடுவேனே."

அவள் எப்போதும் ஸ்டூலின் ஓரத்தில் தொற்றிக்கொண்டுதான் உட்காருவாள். விழுந்துவிடுவாய், நடுவில் உட்கார் என்று எத்தனை தடவை அதட்டியிருப்பேன். ரத்தினபாய் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் பியூலாவின் முன் குனிந்தேன்.

"எந்த ஏரியாவாம்?"

"பேரு சொல்லல. சத்தமே இருக்காதாம். தூங்கினா யாரும் எழுப்ப மாட்டாங்களாம்."

"நாம எல்லாரும் போலாமா கண்ணு?" ரத்தினபாயின் குரல் உடைந்தது.

பியூலா தன் பக்கவாட்டில் அண்ணாந்து பார்த்தாள். யாரிடமோ கேட்டுக்கொள்கிற பார்வை. பிறகு எங்களைப் பார்த்துப் பாவமாகத் தலையாட்டினாள்.

"ஒருத்தருக்குத்தான் இடம் இருக்காம், அம்மா. அதுவும் அவங்க நகர்ந்து குடுத்ததாம்."

ரத்தினபாய் அவளை வாரி மடியில் போட்டு இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். நான் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னல்களைச் சாத்தினேன். வாசல் கதவைப் பூட்டப் போனேன்.

கதவுக்கு உட்பக்கத்தில் ஒரு துணி மூட்டை இருந்தது. பியூலாவின் நாலு கவுன், ஸ்வெட்டர், ஷூ, எல்லாம் மடித்து அடுக்கிக் கட்டியிருந்தது. பதறிப்போய் அவிழ்க்கப் பார்த்தேன். நகம் பெயர்ந்ததே தவிர முடிச்சு அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தும் பார்த்தேன்.

பியூலாவுக்குத் தன் ரிப்பனைக்கூட இன்னும் முடிச்சுப் போடத் தெரியாது.