காற்றிறங்கிய இடது பின்சக்கரம்

திருடனைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லித்தான் சர்வேயர் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். அன்று மத்தியானம் வந்தவள் திருடன் யார் என்ற முடிவோடு வந்திருந்தாள்.

"என் ரிம்மைக் காணோம் சார். எடுத்தது என் தம்பி. அதை நீங்க நிரூபிச்சுக் கொடுத்தா போதும்."

அந்த வட்டாரத்தில் அவளை எல்லோரும் 'ரிம் அக்கா' என்பார்கள். வண்டிச் சக்கரத்துக்கு ரிம் செய்யும் பட்டறை வைத்திருந்தாள். சர்வேயர் முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று எழுதிக் கொடுத்தவர். சட்டென்று யார் மேலும் பழி போட்டுவிட மாட்டார். அவர் மனைவியின் அண்ணன், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நேர் எதிர். ஊரில் எல்லோருமே டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் என்பது அவர் எண்ணம்.

"தம்பியா? அப்போ கண்டிப்பா அவன்தான்," என்றார் கண்டக்டர், செருப்பைத் தேடிக்கொண்டே.

"இருங்க மச்சான். அது என்ன ரிம்னு முதல்ல கேட்போம்."

ரிம் அக்கா சொன்னாள். "சாதாரண ரிம்ல காத்து போனா டயர் சப்பையாயிடும், ரிம் தரையில இடிக்கும். என் ரிம்முல உள்பக்கம் உயரமா ஒரு வளையம் இருக்கு. காத்து போனா டயர் அது மேல உட்கார்ந்துக்கும், வண்டி பாட்டுக்கு ஓடும். ரெண்டு பாதியா செஞ்சு நடுவுல பன்னிரண்டு போல்ட் போட்டிருக்கேன். டயர் மாட்ட மெஷின் வேண்டாம், ஸ்பேனர் போதும்."

"டயர் மாட்டிட்டா அந்த வளையம் வெளியே தெரியுமா?"

"தெரியாது. போல்ட் தலை மட்டும்தான் தெரியும்." அவளே தொடர்ந்தாள். "மூணு வருஷம் முன்னாடி ரோட்டோரமா உட்கார்ந்து ஸ்டெப்னி மாத்திட்டிருந்த என் வீட்டுக்காரரை லாரி அடிச்சிருச்சு. இனிமே யாரும் அப்படி நடுரோட்டுல இறங்கி உட்காரக் கூடாது சார். இருக்கிறது ஒரே ஒரு ரிம். நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் ஆபீஸ்லேருந்து பார்க்க வர்றாங்க. நானே வேனை ஓட்டிக் காட்டறதா எழுதிக் கொடுத்திருக்கேன்."

"தம்பி மேல ஏன் சந்தேகம்?"

"நேத்து கத்தினான், 'இதை அந்த டயர் கம்பெனி ஏஜென்ட்டுக்கு வித்துத் தொலைக்கா'ன்னு. இன்னிக்குப் பத்தரைக்குத் தகடு லாரி வந்தப்போ ரிம் பின்ஷெட்டுலதான் இருந்தது. ஒரு மணி நேரம் எல்லாரும் முன்பக்கம் இறக்கிட்டிருந்தோம். அதுல அரைமணி நேரம் இவனைக் காணோம். எங்கடா போனேன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கிறான். சின்னப் பிள்ளையிலேருந்து நான் வளர்த்தவன் சார்." அழுதுவிடக் கூடாது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காலையில் பெய்த மழையில் பட்டறை முற்றம் முழுக்கச் சேறாகிக் கிடந்தது. கேட் பூட்டியிருந்தது. பத்தரைக்குப் பிறகு லாரியைத் தவிர ஒன்றும் வெளியே போகவில்லை, அதையும் ஏறிப் பார்த்துத்தான் விட்டேன் என்றார் வாட்ச்மேன்.

"உள்ள வர்ற வண்டியையும் பார்ப்பீங்களா?" என்று சர்வேயர் கேட்டார்.

"வர்றதை எதுக்கு சார் பார்க்கணும்? போறதுலதானே பொருள் போகும்."

உள்ளே ரிம் அக்காவைத் தவிர மூன்று பேர். மூவரும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் அளந்துகொண்டு நின்றார்கள். தம்பி நெடுநெடுவென்று உயரம். ஷெட் கதவில் குனிந்துதான் வெளியே வந்தான். சர்வேயர் கேட்டதற்குத் தரையைப் பார்த்தபடி, "நான் எடுக்கலை சார், அதுக்கு மேல கேட்காதீங்க," என்றான்.

"இன்னியோட என் வீட்டுப் படி ஏறாதே!" என்று அக்கா கத்தினாள். சர்வேயருக்குத் தம்பியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் குற்றவாளிகளைப் பார்த்தும் அவருக்குப் பாவமாக இருந்ததுண்டு.

இரண்டாவது ஆள் பெயிண்டர். கண்டக்டர் அவருடைய டின்களையெல்லாம் திறந்து, உள்ளே ஒரு ரிம் மிதக்கும் என்ற நம்பிக்கையோடு குச்சியால் கலக்கிப் பார்த்தார். பிறகு நாலு மணிக்கு ஓடவேண்டிய வேனில் ஏறி உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "இங்கேயும் இல்லை மாப்ளே. சீட்டை எவ்வளவு பின்னாடி தள்ளி வெச்சிருக்காங்க! எனக்கே பிரேக்குக்குக் கால் எட்டலை."

ரிம் அக்கா கண்டக்டரைவிட ஒரு சாண் குட்டை. சர்வேயர் வேனை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மூன்றாவது ஆள் ஏஜென்ட். கலையாத தலை, கலையாத சிரிப்பு. ரிம்மை விலை பேச ஒன்பதரைக்கு, மழையோடு மழையாக வந்தாராம். அக்கா மாட்டேன் என்றதும் காரிலேயே உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தாராம். கிளம்பலாம் என்று பார்த்தால் பஞ்சர். பின்ஷெட்டை ஒட்டி நின்ற அந்தக் காரின் இடது பின்சக்கரத்தில் காற்று இல்லை.

"பத்து நிமிஷத்துல பஞ்சர் போட்டுத் தர்றேன்னேன், வேண்டாம்னுட்டார்," என்றான் தம்பி.

"இருக்கிற கவலையில இவங்களை நான் வேற தொந்தரவு பண்ணணுமா? எங்க ஒர்க்‌ஷாப் அடுத்த தெருதான். மெதுவா உருட்டிட்டுப் போயிடறேன், கேட்டைத் திறக்கச் சொல்லுங்க."

"காத்தில்லாம ஓட்டினா ரிம் போயிடுமே?"

"போனா போகுது சார். ஒரு ரிம்முக்காக அழ முடியுமா?"

கண்டக்டர் அதற்குள் டிக்கியைத் திறந்து தலையை விட்டிருந்தார். "ஸ்டெப்னி மட்டும்தான் மாப்ளே. தட்டிப் பார்த்துட்டேன், காத்து கல்லாட்டம் இருக்கு. உள்ள எதையும் ஒளிக்க முடியாது."

"உங்க சட்டையில என்ன?"

கண்டக்டர் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையில் அரைவட்டமாக ஈரச் சேறு. "ஸ்டெப்னி மேல சாய்ஞ்சேன். துவைச்சுப் போட்டது இன்னிக்குத்தான்," என்று அலுத்துக்கொண்டார்.

சர்வேயர் பின்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். மற்ற மூன்று சக்கரங்களைப் போலவே அதற்கும் ரிம்மை மூடிய பளபளப்பான வீல் கப். அதில் சேறு தெறித்திருந்தது; டயரின் பக்கவாட்டில் சேறில்லை. ரிம்மின் கீழ் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே கையை நுழைத்தார். நான்கு விரல்களும் தாராளமாகப் போயின. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ரிம் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"உங்க ரிம்மை இந்த அளவுல செய்யச் சொன்னது யாரு?"

"ஏஜென்ட்தான் சொன்னார். 'எங்க வண்டியில போட்டுப் பார்க்கிற அளவா இருந்தா கம்பெனியும் யோசிக்கும்'னார். எங்க வேனுக்கும் அதே அளவுதான், அதனால சரின்னுட்டேன்."

சர்வேயர் எல்லோரையும் முற்றத்துக்கு அழைத்தார். பிறகு ஏஜென்ட்டைப் பார்த்து, "நீங்க கிளம்பலாம் சார். நேர்வழியில தகடு கிடக்கு. ஷெட்டைச் சுத்திக்கிட்டு கேட்டுக்கு வந்துடுங்க," என்றார்.

ஏஜென்ட் கும்பிடு போட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார். கார் நகர்ந்தது.

"யாரும் பேசாதீங்க. காதால கேளுங்க," என்றார் சர்வேயர்.

கார் ஷெட்டைச் சுற்றியது. சாக்கடை மேல் போட்டிருந்த கல்லில் ஏறி இறங்கியது. இடிக்கவில்லை, ஒரு பக்கம் சாயவில்லை, தகரம் தேயும் சத்தம் துளிக்கூட இல்லை. ரிம் அக்கா முதலில் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது என் ரிம்!"

"கேட்டைத் திறக்காதீங்க!" என்று சர்வேயர் வாட்ச்மேனுக்குக் கை காட்டினார்.

கண்டக்டர் பாய்ந்துபோய் வீல் கப்பை நெம்பினார். உள்ளே பன்னிரண்டு போல்ட் தலைகள் வட்டமாக நின்றன. ஏஜென்ட்டின் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை.

"எப்படி மாப்ளே?" கண்டக்டருக்கு மூச்சு வாங்கியது.

"உங்க சட்டைதான் முதல்ல சொல்லிச்சு மச்சான். டிக்கியில கிடக்கிற ஸ்டெப்னிக்கு இன்னிக்கு மழைச் சேறு எப்படி வரும்? காலையில ஓடி வந்த சக்கரமா இருந்தாத்தான் வரும். பின்சக்கரத்தைப் பார்த்தேன். வீல் கப்புல சேறு, ஆனா டயர் தரையைத் தொட்ட இடம் தவிர சுத்தம். அப்போ கப் மட்டும்தான் மழையில ஓடி வந்தது, சக்கரம் இங்கே வந்து மாட்டினது. வெறும் டயர் ஒண்ணை டிக்கியில போட்டுக்கிட்டு வந்திருக்கார். உள்ள வர்றதைத்தான் யாரும் பார்க்கிறதில்லையே. ஷெட் பக்கத்துலயே வண்டி, கையில ஸ்பேனர், தகடு இறக்கற சத்தம். ஒரு மணி நேரம் தாராளம். காத்தடிக்கிற மெஷின் மட்டும் முன்பக்கம், நீங்க எல்லாரும் நின்ன இடத்துல. அதான் காத்தில்லாமலே விட்டுட்டார். காத்தில்லாம ஓடறதுக்குன்னே செஞ்ச ரிம்தானே, ஓடிடும்னு தெரியும்."

"அப்புறம்?"

"நிஜ பஞ்சர்னா ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல என் ரெண்டு விரல் போறதே கஷ்டம். இங்க நாலு விரல் போச்சு. எல்லாத்துக்கும் மேல, காத்து நிறைஞ்ச ஸ்டெப்னி டிக்கியில இருக்கும்போது அதை மாத்தாம, சுத்தி பஞ்சர் போடத் தெரிஞ்சவங்க நிற்கும்போது அவங்களையும் தொட விடாம, ரிம் போனாலும் போகட்டும்னு ஒருத்தர் ஓட்டிப் போகப் பார்த்தா, அவருக்கு அந்த ரிம் போகாதுன்னு தெரிஞ்சிருக்கணும்."

வாட்ச்மேன் போலீசுக்குப் போன் பண்ணப் போனார்.

ரிம் அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அப்போ அந்த அரைமணி நேரம் எங்கடா போனே?"

சர்வேயர்தான் சொன்னார். "வேன் சீட்டைப் பாருங்கம்மா. நீங்க ஓட்ட வேண்டிய வண்டி. ஆனா உங்களைவிட ரொம்ப உயரமான ஒருத்தருக்காகச் சீட்டைத் தள்ளி வெச்சிருக்கு."

"வேன்ல உட்கார்ந்து சீட்டை எனக்குச் சரி பண்ணிட்டு, ஆம்புலன்ஸ் ஆபீசுக்குப் போன் பண்ணேன்கா," என்றான் தம்பி. "ஓட்டறது நான்தான்னு பேரை மாத்தச் சொன்னேன். உன்கிட்ட சொன்னா விட மாட்டே. டயர்ல காத்தை இறக்கிட்டு நீ வேகமா ஓட்டும்போது அந்த வளையம் உடைஞ்சுட்டா? அதனாலதான் வித்துடுன்னு கத்தினேன். மாமா போனது போதும்கா."

அவள் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து, வந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தாள். கண்டக்டர்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றரைக்கு ரிம் வேனில் ஏறியது. கதவைத் திறந்த தம்பி, அக்காவுக்காகச் சீட்டை முன்னால் இழுக்கக் கையை வைத்தான்.

"சீட்டை அப்படியே விடுடா," என்று அவள் சாவியை அவனிடம் நீட்டினாள். "நீ ஓட்டு. நான் பக்கத்துல உட்கார்றேன்."